தினமும் எழுதியும் எழுத்து ஏன் மேம்படவில்லை?

கேள்வி, 2 பிப்ரவரி 2024

இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் 500 சொற்கள் எழுதி வருகிறேன். காய்ச்சல் கண்ட நாளில்கூட விட்டதில்லை. ஏழு நோட்டுகள் நிறைந்துவிட்டன. நேற்று, முதல் நோட்டையும் ஏழாவது நோட்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது, இரண்டுக்கும் இடையில் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. எழுத எழுதத்தான் எழுத்து வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

3 பிப்ரவரி 2024

அவர்கள் சொன்னது பாதி உண்மை. நான் பத்தொன்பது ஆண்டுகளாக வட்டாட்சியர் அலுவலகங்களில் பணிபுரிகிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ஆக்கிரமிப்புப் புகார் என்று ஒவ்வொரு நாளும் நான்கைந்து கோப்புகளிலாவது குறிப்பு எழுதாமல் வீடு திரும்பியதில்லை. எழுதிய அளவுதான் கணக்கு என்றால், இந்நேரம் நான் தேர்ந்த உரைநடைக்காரியாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்தொன்பது ஆண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்தவை ‘மேற்படி’, ‘பொருட்டு’, ‘பார்வையில் காணும் கடிதத்தின்படி’, ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ ஆகியவைதாம். கதை எழுத உட்கார்ந்தபோதும் அவையே முதலில் வந்து நின்றன. கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதில்தான் தேர்ச்சி பெறுகிறது. பிழையைத் திரும்பச் செய்தால் பிழையிலும் தேர்ச்சி வந்துவிடும்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஏழு நோட்டுகளில் எத்தனை பக்கங்களை மறுநாளோ மறுவாரமோ திரும்பப் படித்து, அடித்து எழுதியிருக்கிறீர்கள்?

3 பிப்ரவரி 2024, இரவு

மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன், கடுமையாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் உட்கார்வது சிறிய காரியமன்று. என்னால் மூன்று மாதங்களுக்கு மேல் அப்படி உட்கார முடிந்ததில்லை. நாற்காலியில் அமரும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. அடுத்த படியைப் பற்றித்தான் கேட்டேன்.

7 பிப்ரவரி 2024

ஒரு பக்கத்தையும் திரும்பப் படித்ததில்லை என்றும், திரும்பப் படித்தால் நாள் கணக்கு தடைப்படும் என்று அஞ்சியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நாள் கணக்கைப் பற்றிப் பேசும் எவரும் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப்பைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்தவர் அவர். காலை ஐந்தரைக்கு மேசைமுன் அமர்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவருவதற்காகவே முதிய வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். இவையெல்லாம் அவரே தம் வரலாற்றில் சொன்னவை.

அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எழுதத் தொடங்குவதற்குமுன் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதை அவர் படிப்பார். அதுவும் சொற்களின் ஓசையைக் காதால் எடைபோட்டுப் படிப்பார். நாளொன்றுக்கு எழுத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்று மணி நேரம். அதில் ஆறில் ஒரு பங்கு படிப்பதற்கே போயிற்று. கடிகாரத்தையும் 250 சொற்களையும் நாம் எடுத்துக்கொண்டோம், அந்த அரை மணி நேரத்தை விட்டுவிட்டோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால், நானும் பல ஆண்டுகள் அந்தப் பாதியை மட்டுமே பின்பற்றினேன்.

நம்மிடமும் இதே கதைதான். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற ஒளவையின் தனிப்பாடலை எழுத்துப் பயிற்சிக்கு மேற்கோளாகக் காட்டுகிறோம். கைப்பழக்கம் சித்திரத்துக்குச் சொன்னது. செந்தமிழுக்கு அந்தப் பாடல் சொல்வது நாப்பழக்கம். வாய்விட்டுப் படியுங்கள்.

8 பிப்ரவரி 2024

500 சொற்கள் என்ற எண்ணைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் சொல் எண்ணிக்கை மிகவும் நெகிழ்வானது. ‘சொல்லிக்கொண்டிருந்தான்’ என்று சேர்த்தெழுதினால் ஒரு சொல். ‘சொல்லிக் கொண்டு இருந்தான்’ என்று பிரித்தெழுதினால் மூன்று. கணினியில் கணக்குப் பார்த்து எழுதிய காலத்தில், என்னை அறியாமலே நான் துணைவினைகளைப் பிரித்துப் பிரித்து எழுதத் தொடங்கியிருந்தேன். ‘வந்தான்’ போதுமான இடத்தில் ‘வந்து சேர்ந்து விட்டிருந்தான்’ என்று எழுதினேன். எண் நிறைந்தது, வாக்கியம் ஊதிப்போயிற்று. இப்போது எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பத்தி நான்கு வரியாக இருந்தாலும் சரி.

18 பிப்ரவரி 2024

திருத்தம் என்று எதைச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றுப் பிழை பார்ப்பதையும் நிறுத்தக்குறி இடுவதையும் நான் சொல்லவில்லை. அவை வேண்டும், ஆனால் அவை கடைசி வேலை. என் வாக்கியம் ஒன்றையே காட்டுகிறேன்.

என் தந்தை இறந்த நாளைப் பற்றி ஒரு கதை எழுத 2016இல் முயன்றேன். அதில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘பிற்பகல் மூன்று மணியளவில் தந்தையாரின் உடல் இல்லத்திற்குக் கொண்டுவரப்பட்டு, உறவினர்களுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.’ எழுதியபோது அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, ஓர் இரவு அதை வாய்விட்டுப் படித்தபோது குரல் எழவே இல்லை. துக்கத்தினால் அப்படி ஆகவில்லை. அந்த வாக்கியத்தில் ஓர் ஆள்கூட இல்லை. யார் கொண்டுவந்தார்கள்? யார் தெரிவித்தார்கள்? பெற்ற தகப்பனின் சாவைக்கூட நான் ஒரு நடப்புக் கோப்பைப் போல எழுதி வைத்திருந்தேன்.

அதைத் திருத்துவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. சொல்லைத் தேடியதால் நேரம் போகவில்லை, ஆட்களைத் தேடியதால் போயிற்று. இப்போது அந்தப் பகுதி இப்படி இருக்கிறது: ‘மூன்று மணிக்கு அப்பாவைக் கொண்டுவந்தார்கள். டீக்கடைக்காரர் தலைமாட்டைப் பிடித்திருந்தார். வாசற்படி உயரமானது, கால்மாட்டில் இருந்தவர்கள் ஏறுவதற்குமுன் ஒரு கணம் நின்றார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்காமலே எழுந்தார்.’

இது நல்ல உரைநடை என்று சொல்ல வரவில்லை. முதல் வாக்கியம் மறைத்து வைத்திருந்ததை இது வெளியே கொண்டுவந்தது. ‘கொண்டுவரப்பட்டு’ என்ற ஒரு சொல்லை எடுத்ததும், அந்த இடத்தில் யாரையாவது நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. நிறுத்திய பிறகு வாசற்படி வந்தது, முறம் வந்தது. திருத்தும்போதுதான் எனக்கு நினைவே திரும்பியது. இப்படி ‘படு’ சேர்ந்து வரும் செயப்பாட்டு வினை ஆங்கிலத்திலிருந்து வந்து நம் உரைநடையில் தொற்றிக்கொண்ட நோய் என்றே நினைக்கிறேன்.

25 பிப்ரவரி 2024

தனியாக இருந்து, ஆசிரியர் இல்லாமல், எப்படித் திருத்தக் கற்பது என்பது நியாயமான கேள்வி. எழுதியவருக்குத் தம் பிழை தெரியாது. தெரிந்தால் எழுதியிருக்க மாட்டார். இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த வழி, பெஞ்சமின் பிராங்ளின் சிறுவயதில் தமக்கென்று வகுத்துக்கொண்டது. பாஸ்டனில் தம் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் தொகுதி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் ஓரிரு சொற்களில் குறித்துக்கொண்டார். குறிப்புகளைச் சில நாள்கள் ஒதுக்கி வைத்தார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, தம் சொந்தச் சொற்களில் கட்டுரையை முழுவதுமாக எழுதினார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்தினார். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் சில கதைகளைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரங்கள் கழித்து வரிசைப்படுத்தவும் பழகினார். இவ்வளவும் வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தன.

இதில் நான் மிகவும் மதிப்பது அந்த ‘ஒதுக்கி வைத்தல்’. மூலம் மனத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை நாம் செய்வது வெறும் நகல். ஓசை மறந்து கருத்து மட்டும் நிற்கும்போது எழுதினால்தான், நம் கை இயல்பாக என்ன செய்கிறது என்பது வெளிப்படும். அப்போது மூலமே ஆசிரியராகிவிடுகிறது.

தமிழில் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

17 மார்ச் 2024

செய்து பார்த்தேன். உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றிலிருந்து இரண்டு பக்கங்களை எடுத்துக்கொண்டேன். எண்பது வயதைக் கடந்த பிறகு, 1940 முதல் ஆனந்த விகடனில் அவர் தொடராக எழுதி, 1942இல் மறையும்வரை எழுதியது அது. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிய பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வாக்கியத்துக்கு இரண்டு சொற்கள் வீதம் குறிப்பெடுத்து, பன்னிரண்டு நாள்கள் பீரோவில் பூட்டி வைத்தேன்.

என் பிரதியையும் மூலத்தையும் நேற்று இரவு அருகருகே வைத்துப் பென்சிலால் கோடிட்டேன். என் இரண்டு பக்கங்களில் ‘மிகவும்’ ஏழு இடங்களில் இருந்தது. மூலத்தில் ஒரு செயல் நடந்து முடிந்ததும் வாக்கியமும் முடிந்துவிடுகிறது. நானோ ‘என்பதால்’, ‘என்ற நிலையில்’, ‘இதன் காரணமாக’ என்று ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டே போயிருந்தேன். அவர் காரணத்தைச் சொல்லாமல் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்கிறார்; படிப்பவர் காரணத்தைத் தாமே பிடித்துக்கொள்கிறார். நான் படிப்பவரை நம்பவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக, மேல்முறையீட்டில் யாராவது கேள்வி கேட்பார்களே என்ற அச்சத்தில் எழுதிய கையின் பழக்கம் இது என்பது அந்தக் கோடுகளைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

அவர் தெளிவுக்கு என்ன காரணம் என்று யோசித்தேன். இது என் ஊகந்தான். வாழ்நாள் முழுவதும் அவர் செய்தது ஒப்பிடும் வேலை. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோதும், அதன்பின் எத்தனையோ நூல்களுக்கும், பல ஏடுகளை அருகருகே வைத்து, இந்த ஏட்டில் இந்தச் சொல், அந்த ஏட்டில் அந்தச் சொல், எது பொருந்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் நிற்கத் தகுந்த இரண்டு சொற்களை நாள் முழுவதும் எடைபோடுகிறவருக்குத் தம் வாக்கியத்தில் பொருந்தாத சொல் உறுத்தாமல் போகாது. பாடபேதம் பார்ப்பதைவிடக் கடுமையான எழுத்துப் பயிற்சி இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

22 மார்ச் 2024

18 பிப்ரவரி குறிப்பில் நான் சொன்ன ஒன்று தவறு. இலக்கணம் படித்த ஒருவர் பொறுமையாக எடுத்துக்காட்டினார்; அவருக்கு நன்றி. செயப்பாட்டு வினை வெளியிலிருந்து வந்த நோயன்று. நம் இலக்கண நூல்கள் அதை அறிந்தே இருக்கின்றன. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் ‘திண்ணை மெழுகிற்று’ போன்ற வழக்கையும் தொல்காப்பியம் ஏற்கிறது. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது என்பது எல்லாருக்கும் தெரியும். மெழுகியவர் யார் என்பது அந்தப் பேச்சுக்கு முக்கியமில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ‘படு’ வரும் இடமெல்லாம் அடித்துவிடுங்கள் என்று இனிச் சொல்லமாட்டேன். ‘அவர் கைது செய்யப்பட்டார்’ என்பதில் கைது செய்தவர் காவலர் என்று சொல்லத் தேவையில்லை. என் தந்தையைப் பற்றிய வாக்கியத்தில் தூக்கி வந்தவர்கள் யார் என்பதுதான் கதையே. செய்தவரைச் சொல்லாமல் விடுவது பிழையாவது, அவரைச் சொல்லவேண்டிய இடத்தில்தான்.

4 மே 2024

ஆறு வாரங்களாக ஒன்றும் எழுதவில்லை. மக்களவைத் தேர்தல் வேலை. ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்னும் பின்னும் எங்கள் அலுவலகத்தில் யாரும் நேரத்தோடு வீடு திரும்பவில்லை.

முன்பெல்லாம் இப்படி ஒரு இடைவெளி விழுந்தால், ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று எண்ணி, மீண்டும் தொடங்கவே பல மாதங்கள் ஆகிவிடும். இந்த முறை தேர்தல் பயிற்சி வகுப்புக்குப் பேருந்தில் போய்வந்த நேரத்தில் பழைய பத்தி ஒன்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது வாக்கியம் வரும்போதெல்லாம் நாக்கு இடறியது. தாளைத் தொடாமலே அதன் சிக்கல் தெரிந்துவிட்டது. ஆகவே கேள்வி கேட்டவருக்கு: ஒருநாள் தவறினால் ஏழு நோட்டுகளும் வீணாகிவிடாது. அந்த அச்சத்தை விடுங்கள்.

26 மே 2024

திருத்தும்போது எதையெதைப் பார்ப்பது என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். நன்னூல் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வரிசையாகச் சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு அதை மறந்திருந்தேன். இப்போது மேசைக்கு எதிரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் ஆகிய மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. என்னை நிறுத்தியது ‘சென்று தேய்ந்து இறுதல்’. நன்றாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, பெயரளவுக்கு முடிவது. என்னிடம் முடித்தும் முடிக்காமலும் இருக்கும் பதினொரு கதைகளை இந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு படித்தேன். எட்டுக் கதைகள் அப்படித்தான் தேய்கின்றன. முதல் பக்கத்தைப் பலமுறை திருத்தியிருக்கிறேன், கடைசிப் பக்கத்தைத் தொட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து திருத்தத் தொடங்கி, நடுவில் களைத்து எழுந்துவிடுவதுதான் காரணம். இதற்கு மருந்து எளிது: ஒரு வாரம் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் திருத்திப் பார்த்தேன். இரண்டு கதைகளுக்கு அதுவரை இல்லாத முடிவு கிடைத்தது.

‘மற்றொன்று விரித்தல்’ என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.

30 ஜூன் 2024

ஜமாபந்தி, அதாவது ஆண்டுதோறும் கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை, முடிந்தது. இடையில் கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைப் படித்தேன். புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு, முதல் நோட்டிலிருந்து நாளுக்கு ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்து, ஒரே ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதுகிறாராம். நாற்பது நாள்களாகியும் முதல் நோட்டு முடியவில்லை என்று சற்றுத் தயக்கத்தோடு சொல்லியிருக்கிறார். அவர் காட்டியிருக்கும் இரண்டு பத்திகளையும் பாருங்கள். பழையதில் ‘மனம் சொல்லொணாத் துயரில் ஆழ்ந்தது’ என்று இருந்த இடத்தில், புதியதில் அவர் பேருந்து நிலையத்தில் சில்லறையை எண்ணி, மீண்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளில் வராத மாற்றம் அந்தச் சில்லறையில் வந்துவிட்டது என்றே நான் நம்புகிறேன். எழுதுங்கள், நாற்பது நாள்கள் ஒன்றும் அதிகமில்லை.

6 ஜூலை 2024

என் பத்தியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்த நான், தந்தையைப் பற்றிய அந்தப் பகுதியை அம்மாவுக்குப் படித்துக்காட்டத் துணிந்ததே இல்லை. நேற்றுப் படித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், “தலைமாட்டப் பிடிச்சது கடைக்காரர் இல்லம்மா, அவரு தம்பி. கடைக்காரர் அன்னிக்கு ஊர்லயே இல்ல” என்றார்.

குறித்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து, முறத்தைக் கீழே வைக்காமல் தாம் எழவில்லை என்றும் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாராம்.

திருத்தித் திருத்தி ஆட்களையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தியதாக பிப்ரவரியில் இங்கே எழுதினேன். அந்தப் பத்தியில் நான் இல்லை. எட்டு ஆண்டுகளாக எந்தப் பிரதியிலும் நான் இல்லை. இன்று காலை முதலிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறேன். டீக்கடைக்காரரின் தம்பி இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறார். நாளை போய் அவரிடம் கேட்க வேண்டும். அந்த அரிசியோடு முறத்தை நான் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அம்மாவுக்கும் நினைவில்லை.